சேரி மனைக்கு உரிமை கேட்ட கலெக்டர்

எளாவூர் சோதனைச் சாவடி அருகே நெடுஞ்சாலை ஓரத்து மண்ணை இன்று சென்ட் கணக்கில் விலை பேசுகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்த பிறகு இந்த வட்டாரத்தில் நிலத்துக்கு வந்த மவுசு அப்படி. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே வட்டாரம் பொன்னேரி தாலுகாவில், செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவின் பொறுப்பு கலெக்டராக இருந்தவர் ஜேம்ஸ் ஹென்றி அப்பர்லே திரமென்ஹீர்.

1853இல் பிறந்த ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரி அவர். அன்றைய கலெக்டர் வரி வசூலிப்பவர் மட்டுமல்ல, ஜில்லா மாஜிஸ்திரேட்டும் அவரே. சட்டம் ஒழுங்கு அவர் பொறுப்பு. அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். சேரியில் சட்டம் யாருக்காக வேலை செய்கிறது என்று அங்கிருந்து எழுதிக் கேட்டவர் இவர். அதனால்தான் இந்தப் பத்தியில் அவருக்கு இடம்.

1843லேயே அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையென்று ஆகிவிட்டது. ஆனால் குடிசை போட்ட மனை மிராசுதாருடையது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். பிறகு எந்தத் தைரியத்தில் பறையர் சாட்சிக் கூண்டில் ஏறுவார்? தரிசு நிலம் கேட்டு மனுப்போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. சில ரூபாய் கடனுக்கு ஆளையே எழுதிக்கொடுத்த பத்திரங்களும் இருந்தன. இவற்றையெல்லாம் தொகுத்து 1891 அக்டோபர் 5ஆம் தேதி அரசுக்கு அறிக்கை அளித்தார் திரமென்ஹீர். மனைக்கு உரிமை, உழுவதற்கு நிலம், பிள்ளைகளுக்குப் பள்ளி. அவர் கேட்டவற்றின் சாரம் இதுதான்.

இந்தக் குரல் அவருடையது மட்டுமல்ல என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி ஆகிய பாதிரியார்கள் நிலத்துக்காக வாதாடி வந்தனர். மனுவோடு கச்சேரி வாசலில் நின்ற சேரி மக்களின் பெயர்கள்தான் வரலாற்றில் நிற்கவில்லை.

வருவாய் வாரியம் அறிக்கையை ஏற்க மறுத்தது. 1892 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை விஷயம் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 30இல் வெளியானது அரசாணை எண் 1010. அவர் கேட்டதில் ஒரு பங்குதான் கிடைத்தது. ஆனாலும் சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுவதற்கு அடித்தளம் அதுவே. நாம் பஞ்சமி நிலம் என்பது இதைத்தான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

1912இல் திரமென்ஹீர் காலமானார். நிபந்தனையை மீறி நிலங்கள் கை மாறியதை அவர் பார்க்கவில்லை. அவர் ஆண்ட அதே செங்கல்பட்டு மண்ணில், காரணையில், பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10இல் போலீஸ் துப்பாக்கி பேசியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டனர்.

நம் வாசகர்களுக்கு ஒன்று. தாத்தா காலத்து நிலம் பற்றிச் சந்தேகம் இருந்தால் இப்போதைய கம்ப்யூட்டர் பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலை மனு எழுதிக் கேளுங்கள். நிபந்தனை இருந்திருந்தால் அங்கே தெரிய வாய்ப்புண்டு.