வெள்ளைப் புடவையும் வெண்கலக் குரலும்

தைப்பூசம் நெருங்கி விட்டால் முத்தையாபுரம் வழியாகத் திருச்செந்தூர் செல்லும் சாலை நிறைந்து விடும். பச்சை வேட்டி கட்டிய பக்தர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். பந்தலில் ஒலிபெருக்கி முழங்கும். அதில் ஒரு பெண் குரல் எழும்.

அது குழைந்து கொஞ்சும் குரல் அல்ல. கோயில் மணி போலக் கணீர் என்று ஒலிக்கும் குரல். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் அந்தப் பாட்டின் சொற்களைத் தப்பில்லாமல் சொல்லி விடலாம்!

அது கே. பி. சுந்தராம்பாளின் குரல். கொடுமுடி கோகிலம் என்று மக்கள் அன்போடு அழைத்த அம்மையார் அவர். மேடையிலும், இசைத்தட்டிலும், சினிமாவிலும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் குரல் ஒலித்தது.

ஆனால் 25-வது வயதிலேயே அது ஓய்ந்து போயிருக்க வேண்டியது. ஓயாமல் காத்தது எது? அதுதான் அவருடைய கதை.

ரெயிலில் பாடிய சிறுமி

காவிரிக் கரையில் உள்ள சிறிய ஊர் கொடுமுடி. இன்று அது ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. 1908-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அங்கே சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள்.

தந்தை சீக்கிரமே காலமாகி விட்டார். குடும்பத்தில் வறுமை புகுந்தது. பிள்ளைகளை வைத்துக் கொண்டு தாயார் திண்டாடினார்.

ஈரோட்டில் இருந்து திருச்சி போகும் ரெயில் பாதை கொடுமுடி வழியாகப் போகிறது. சிறுமி சுந்தராம்பாள் ரெயிலில் ஏறிப் பாடுவார். பயணிகள் காசு கொடுப்பார்கள். ரெயில் சக்கரம் போடும் சத்தத்தை மீறிப் பாடினால்தான் காசு விழும். அந்தக் குரலுக்கு முதல் பள்ளிக்கூடம் ரெயில் பெட்டிதான் என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவு பெரிய குரல் நாடகக்காரர்கள் காதில் விழாமல் இருக்குமா? விழுந்தது. சுந்தராம்பாள் நாடக மேடை ஏறினார்.

விடிய விடிய நாடகம்

அந்தக் கால நாடகம் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இரவு சாப்பாடு முடிந்து ஊர் அடங்கிய பிறகுதான் நாடகம் தொடங்கும். விடியும்போதுதான் முடியும். ஒலிபெருக்கி கிடையாது. முன்னால் பாயில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும். கடைசியில் மரத்தடியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும். ஆர்மோனியத்துக்கு மேலே குரல் எழும்ப வேண்டும். பாட்டுப் பிடித்து விட்டால் ஜனங்கள் விட மாட்டார்கள். ஒன்ஸ்மோர் என்று கூச்சல் போடுவார்கள். மறுபடியும் பாட வேண்டும்.

ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு வகை உண்டு. ராஜபார்ட் ஓர் ஊரில் இருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரில் இருந்து வருவார். ஒத்திகை கிடையாது. மேடையிலேயே ஒருவரை ஒருவர் பாட்டால் மடக்க வேண்டும். வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்பதற்காகவே ஜனங்கள் வண்டி கட்டிக் கொண்டு வருவார்கள்.

இந்த நாடகங்களுக்குப் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்தவர் நம் தூத்துக்குடிச் சீமைக்காரர். அவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ம் ஆண்டில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள் எல்லாம் அவர் தந்தவை. 1922-ம் ஆண்டு சுவாமிகள் மறைந்தார். அவர் எழுதிய பாட்டுகளோ மேடைக்கு மேடை வாழ்ந்தன. சுந்தராம்பாளும் அவற்றைப் பாடிப் பெயர் வாங்கினார்.

செங்கோட்டை கிட்டப்பா

அப்போது தமிழ் நாடக மேடையில் முடிசூடா மன்னராக விளங்கியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே மேடை ஏறியவர். அவர் உச்சத்தில் பாடினால் எட்டிப் பிடிக்க ஆள் இல்லை என்று சொல்வார்கள்.

ஆள் இருந்தது! அது சுந்தராம்பாள்தான்.

இருவரும் கொழும்பில் சேர்ந்து நடித்தார்கள். தூத்துக்குடி மக்களுக்குக் கொழும்பு தூரத்து ஊர் அல்ல. கப்பலும் தோணியும் போய் வந்த ஊர். அங்கே தமிழர்கள் நிறைய உண்டு. தமிழ் நாடகத்துக்கு அங்கே நல்ல வரவேற்பு. கிட்டப்பாவுக்கு எதிரே நின்று பாடினால் சுந்தராம்பாள் தாக்குப் பிடிப்பாரா என்று சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். இரண்டு குரலும் ஒன்றை ஒன்று துரத்தின. ஒன்றை ஒன்று மிஞ்சின.

மேடையில் இணைந்தவர்கள் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். 1927-ம் ஆண்டில் கல்யாணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு அதற்கு முன்பே ஒரு மனைவி உண்டு. அவர் மீது வைத்த அன்பால் சுந்தராம்பாள் இந்த வாழ்க்கையை ஏற்றுக் கொண்டார்.

ஊருக்கு ஊர் இந்த ஜோடியின் பெயர்தான். கிட்டப்பா–சுந்தராம்பாள் நாடகம் என்றால் கொட்டகை நிரம்பி வழியும். ஆனால் வீட்டுக்குள் அமைதி இல்லை. மனத்தாங்கல் வளர்ந்தது. இருவரும் பிரிந்து வாழ நேர்ந்தது. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. குடிப்பழக்கமும் நோயும் கிட்டப்பாவின் உடலை அரித்தன.

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைப் புடவை

சுந்தராம்பாள் நகைகளைக் கழற்றினார். வெள்ளைப் புடவை உடுத்தினார். நெற்றியில் திருநீறு மட்டும் அணிந்தார். கொடுமுடியில் போய் ஒதுங்கினார்.

அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண்ணின் நிலை எப்படி இருந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். நல்ல காரியங்களில் முன்னே வரக் கூடாது. நாலு பேர் கூடும் இடத்தில் நிற்கக் கூடாது. அப்படி இருக்க, மேடை ஏறி நடிப்பது எப்படி? ஏறினால் ஊர் பேசும். ஏறாவிட்டால் அந்தக் குரல் செத்துப் போகும்.

சுந்தராம்பாள் ஒரு முடிவு செய்தார். இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் எடுத்துக் கொண்டார். வெள்ளைப் புடவையையும் மாற்றுவதில்லை. ஆனால் பாட்டை விடுவதில்லை!

ஊர் போட்ட வேலிக்குள் அவர் உட்கார்ந்து விடவில்லை. தமக்குத் தாமே ஒரு கோடு போட்டுக் கொண்டார். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது எல்லாம் தம்முடையது என்று எடுத்துக் கொண்டார்.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவரைப் பொது மேடைக்கு அழைத்தார். நாட்டு விடுதலைக்காக அம்மையார் கதர் உடுத்திப் பாடினார். தேசியப் பாடல்கள் இசைத்தட்டாகவும் வந்தன. கூட்டத்தில் அவர் பாடப் போகிறார் என்று தெரிந்தால் போதும். சுற்றுப்பட்டு ஊர்கள் திரண்டு விடும். பேச்சு புரியாதவருக்கும் பாட்டுப் புரிந்தது.

லட்ச ரூபாய்

தமிழ் சினிமா பேசத் தொடங்கி நாலைந்து ஆண்டுகள்தான் ஆகி இருந்தன. நந்தனார் கதையைப் படமாக எடுக்க விரும்பியவர்கள் சுந்தராம்பாளைத் தேடி வந்தார்கள்.

அம்மையாருக்கு சினிமாவில் நாட்டம் இல்லை. எப்படியாவது அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நினைத்து, ஒரு லட்ச ரூபாய் கேட்டதாகச் சொல்வார்கள். அன்றைக்கு ஒரு பவுன் விலை 30 ரூபாய்க்கும் குறைவு. லட்ச ரூபாய்க்கு 3 ஆயிரம் பவுனுக்கு மேல் வாங்கலாம்! ஆனால் படக்காரர்கள் பின்வாங்கவில்லை. சரி என்று சொல்லி விட்டார்கள். நாடு முழுவதும் அது பேச்சாயிற்று.

1935-ம் ஆண்டு பக்த நந்தனார் வெளிவந்தது. நந்தனாராக நடித்தவர் சுந்தராம்பாள். வேதியராக நடித்தவர் பெரிய சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத அய்யர்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நந்தனார் ஆண் வேடம். சிவனை நினைத்து உருகும் வேடம். அங்கே ஜோடிக்கு இடமே இல்லை. சபதத்துக்குப் பழுது வரவில்லை.

அடுத்து 1940-ம் ஆண்டு மணிமேகலை வந்தது. அதுவும் துறவு பூண்ட பெண்ணின் கதை.

பாட்டியான கதை

அவ்வைப் பாட்டியைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? எழுத்துப் படித்தவுடன் நாம் படிக்கும் ஆத்திசூடி அவர் தந்தது அல்லவா?

அவ்வையைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. இளம் வயதில் அவருக்குக் கல்யாணம் செய்து வைக்கப் பார்த்தார்கள். அவருக்கு அதில் விருப்பம் இல்லை. இந்த இளமை வேண்டாம், முதுமை கொடு என்று பிள்ளையாரிடம் வேண்டினார். அப்படியே கிழவியாக மாறினார். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். அரசர்களுக்கும் புத்தி சொன்னார்.

இந்தக் கதையை ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் பிரமாண்டமான படமாக எடுத்தார். கொத்தமங்கலம் சுப்பு டைரக்ட் செய்தார். இளம் அவ்வையாகக் குசலகுமாரி நடித்தார். பாட்டி அவ்வையாக வந்தவர் சுந்தராம்பாள். 1953-ம் ஆண்டு படம் வெளிவந்தது. தமிழ்நாடு எங்கும் வெற்றி முரசு கொட்டியது.

அப்போது அவருக்கு வயது 44தான். ஆனால் திரையில் அவரைப் பார்த்த மக்களுக்கு நிஜமான அவ்வையே எழுந்து வந்தது போல இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே இளமையை ஒதுக்கி வைத்தவர் அல்லவா? அவ்வைக்கும் அவருக்கும் அவ்வளவு பொருத்தம்.

இதற்கு முன்னரே, 1951-ம் ஆண்டில், அவர் சென்னை மாகாண மேல்சபையின் உறுப்பினர் ஆனார். இந்தியாவில் சினிமா உலகத்தில் இருந்து சட்டசபைக்குப் போன முதல் ஆள் அவர்தான் என்பார்கள். ரெயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமிக்கு மாகாணச் சட்டம் செய்யும் இடத்தில் நாற்காலி கிடைத்தது!

61 வயதில் பரிசு

நடிகைகளுக்கு வயதாகி விட்டால் வாய்ப்புக் குறைந்து விடும். அம்மையாருக்கு நேர்மாறாக நடந்தது. தலை நரைக்க நரைக்க அவருக்கு ஏற்ற வேடங்கள் தேடி வந்தன.

1964-ம் ஆண்டு பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகளாக வந்தார். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் சமணத் துறவி அவர். 1965-ல் ஏ. பி. நாகராஜன் எடுத்த திருவிளையாடல் படத்தில் மறுபடியும் அவ்வை ஆனார். பழத்துக்காகக் கோபித்துக் கொண்டு மலை ஏறிய முருகனைப் பாடிச் சாந்தப்படுத்தும் காட்சியை யார் மறப்பார்கள்? 1967-ல் கந்தன் கருணை படத்திலும் அவ்வை அவரே. 1973-ல் காரைக்கால் அம்மையார் ஆனார். அந்த அம்மையாரும் அழகிய உருவம் வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டு உதறியவர்தான்.

நந்தனார், மணிமேகலை, அவ்வை, கவுந்தி, காரைக்கால் அம்மையார் என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். எல்லாரும் வீடு வாசல் சுகத்தை விட்டு நடந்தவர்கள். அம்மையார் எடுத்த சபதம் அவருக்கு வழியை அடைக்கவில்லை. வேறு யாரும் நடக்க முடியாத ஒரு வழியையே திறந்து விட்டது.

சினிமாவில் பின்னணி பாடும் பெண்களுக்கு மத்திய அரசு தேசிய விருது கொடுக்கத் தொடங்கியது. 1968-ம் ஆண்டுக்கான முதல் விருதைப் பி. சுசீலா பெற்றார். அடுத்த ஆண்டுக்கான விருது சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. சாண்டோ சின்னப்பா தேவரின் துணைவன் படத்தில் பாடியதற்காக வந்த விருது அது. அப்போது அம்மையாருக்கு வயது 61! 1970-ம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டமும் வந்தது.

பொருளும் புகழும் குவிந்தன. அம்மையார் பட்டணத்துப் பகட்டில் மயங்கி விடவில்லை. கொடுமுடியை மறக்கவும் இல்லை. அங்கே ஒரு சினிமாக் கொட்டகையும் கட்டினார். உடையிலோ அதே வெள்ளை. நெற்றியிலோ அதே திருநீறு.

1980-ம் ஆண்டு சுந்தராம்பாள் அம்மையார் காலமானார். கிட்டப்பாவோடு அவருக்கு இருந்த தொடர்பு ஏழெட்டு ஆண்டுதான். அவர் இல்லாமல் வாழ்ந்தது 47 ஆண்டுகள். தம் வாழ்க்கை முடிந்து விட்டது என்று ஊர் நினைத்த நாளுக்குப் பிறகுதான் அம்மையார் தம் வேலையில் பெரும் பகுதியைச் செய்தார்.