ரூஸ்வெல்ட்டை முடக்கியது போலியோதானா? 100 வருஷம் தாண்டியும் தீராத சந்தேகம்

சிவகாசியிலோ சாத்தூரிலோ 15 வயசுக்குட்பட்ட ஒரு குழந்தைக்குத் திடீர்னு கை, கால் துவண்டுபோனால், டாக்டர் உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்லணும். 24 மணி நேர இடைவெளியில் ரெண்டு மல மாதிரிகள் எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க. இந்தியாவில் இயற்கையான (வைல்ட்) போலியோ வைரஸால் கடைசி பாதிப்பு பதிவானதே 2011 ஜனவரியில்தான். அப்புறம் ஏன் இந்தச் சோதனை? போலியோவும், 'கில்லன் பாரே' என்ற நரம்புப் பாதிப்பும் வெளியிலிருந்து பார்த்தால் ஒண்ணு போலவே இருக்கும் என்பதும் ஒரு காரணம். அந்தக் குழப்பத்துக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம், அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

1882-ல் நியூயார்க் மாகாணத்தின் ஹைட் பார்க்கில், வசதியான வீட்டில் பிறந்தவர். கடற்படைத் துறையின் துணைச் செயலாளர், 1920-ல் துணை அதிபர் வேட்பாளர் என வேகமாக வளர்ந்தார். அந்தத் தேர்தலில் தோல்வி.

1921 ஆகஸ்ட். கனடாவின் கேம்போபெல்லோ தீவில் குடும்பத்தோடு விடுமுறை. அப்போ அவருக்கு 39 வயசு. ஒரு நாள் குளிர்நடுக்கம், அடுத்து காய்ச்சல். முதலில் ஒரு கால் தளர்ந்தது, பிறகு இன்னொண்ணு. ரெண்டே நாளில் நிற்கவே முடியலை. முகத்திலும் தளர்ச்சி, சிறுநீர் போவதிலும் சிக்கல். கால் மேல் லேசா எதுவும் பட்டாலே வலி. ரத்தக்கட்டி என்று நினைத்த ஒரு டாக்டர் மசாஜ் செய்யச் சொன்னார். பிறகு வந்த ராபர்ட் லவெட், இது போலியோ என்று சொல்லி மசாஜை நிறுத்தினார்.

போலியோ வைரஸ் தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்புச் செல்களை நேரடியாக அழிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகப் பாதிக்கும், தொடுஉணர்ச்சி போகாது. கில்லன் பாரேவில் கதை வேற. வைரஸ் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துபோன பிறகு, கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி நம்ம நரம்புகளையே தாக்கும். பல சமயம் வயரின் மேலுறை உரிஞ்ச மாதிரி நரம்பின் உறை சேதமாகும். டெங்கு, சிக்குன்குனியாவுக்குப் பிறகும் இது வந்திருக்கிறது.

பட்டாசு ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களுக்குக் கால் மரத்துப்போறது புதுசில்லை. ஆனா காய்ச்சல் விட்ட சில வாரத்துக்குள் ரெண்டு பாதத்திலும் தொடங்கி மேலே ஏறினால், அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். மூச்சுத் தசைகள் வரை அது ஏறலாம். இம்யூனோகுளோபுலின் ஊசி முதல் ரெண்டு வாரத்துக்குள் கிடைத்தால்தான் அதிக பலன்.

2003-ல் டெக்சாஸ் மருத்துவர் ஆர்மண்ட் கோல்ட்மேன் குழு, ரூஸ்வெல்ட்டின் அறிகுறிகளை ஒவ்வொண்ணா எடைபோட்டது. வயசு, ரெண்டு பக்கமும் பரவிய தளர்ச்சி, தொட்டாலே வலி எல்லாம் கில்லன் பாரேவோடதான் அதிகம் பொருந்துது என்றது. போலியோதான் என்று வாதாடுகிற மருத்துவர்களும் உண்டு. உறுதிசெய்ய லேப் முடிவு இல்லாததால் விவாதம் முடியலை. ஒண்ணு மட்டும் நிச்சயம்: சரியாகவே கண்டுபிடித்திருந்தாலும் 1921-ல் ரெண்டுக்குமே மருந்து கிடையாது.

அவர் பிறகு துணையில்லாமல் நடக்கவே இல்லை. இரும்புப் பட்டைகளை மாட்டி, மகனின் கையைப் பிடித்தபடி மேடையேறினார். சக்கர நாற்காலி படங்களில் வராமல் பார்த்துக்கொண்டார். 1928-ல் நியூயார்க் ஆளுநர், 1932 முதல் நாலு முறை அதிபர் தேர்தலில் வெற்றி. 1938-ல் அவர் தொடங்கிய போலியோ அறக்கட்டளைக்கு மக்கள் பத்து சென்ட் பத்து சென்ட்டாக அனுப்பினாங்க. அந்தப் பணத்தில்தான் ஜோனஸ் சால்க் தடுப்பூசி ஆய்வு நடந்தது. கோல்ட்மேன் கணிப்பு சரின்னா, ஒரு தப்பான டயக்னோசிஸ் செய்த நல்லதுன்னு இதைச் சொல்லணும்.

ரூஸ்வெல்ட் இறந்தது 1945 ஏப்ரல் 12. சால்க் தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவிக்கப்பட்டது 1955-ல், அதே ஏப்ரல் 12 அன்று.