லௌதெலினா அம்மையார்

பிறர் வீட்டில் வேலை செய்வோரையும் தொழிலாளர் என்று சட்டம் ஏற்க வேண்டும் என்பதற்காக ஐம்பது ஆண்டுகள் பாடுபட்ட பெருமாட்டி ஒருவர் பிரேசில் நாட்டில் வாழ்ந்தார். லௌதெலினா தெ காம்போஸ் மெலோ என்பது அவர் பெயர். அங்கே புகழ்பெற்ற அப்பெயரை நம் நாட்டில் அறிந்தார் மிகச் சிலரே. பாத்திரம் துலக்கியும் பிறர் குழந்தையைச் சீராட்டியும் தம் மக்களைப் படிக்கவைத்த தாய்மார் பலர் நம் சமுதாயத்தில் உள்ளனர். அவர்தம் பிள்ளைகள் இவ்வம்மையாரை அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இவ்வரலாற்றை எழுதுகின்றோம்.

அமெரிக்கக் கண்டங்களில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில். ஒழித்த நாள் 1888 மே 13. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1904 அக்டோபர் 12 அன்று, மினாஸ் ஜெரைஸ் மாநிலத்துப் போசோஸ் தெ கால்தாஸ் என்னும் ஊரில் லௌதெலினா பிறந்தார். அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை அடிமையன்று என 1871இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி விடுதலை பெற்றுப் பிறந்தவர் இவருடைய தாயார். அந்த விடுதலையின் அளவையும் சொல்லிவிட வேண்டும். அக்குழந்தைகளின் உழைப்பை இருபத்தொரு வயதுவரை எசமானர் பெற்றுக்கொள்ள அச்சட்டமே இடம் கொடுத்திருந்தது!

தாய் வீட்டு வேலைக்குச் சென்றதால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளச் சிறுமி லௌதெலினா பள்ளியை விட்டார். ஏழு வயதிலேயே தாமும் வேலைக்குச் சென்றார். (வருகைப் பதிவேட்டில் பெண் குழந்தையின் பெயரை நீக்க நேரும்போது, அதன் பின்னே இத்தகைய காரணம் இருப்பதை ஆசிரியராகிய நாம் பலமுறை கண்டுள்ளோம்.) மரம் வெட்டும் தொழிலாளியான தந்தை, விபத்தொன்றில் இறந்தார். பதினாறாம் வயதில், அடிமை ஒழிப்பு நாளின் பெயரைத் தாங்கிய கறுப்பின மக்கள் மன்றம் ஒன்றுக்கு லௌதெலினா தலைவியானார்.

திருமணத்திற்குப் பின் சான்டோஸ் துறைமுக நகரில் குடியேறினார். அங்கே அவர் நெஞ்சைச் சுட்ட காட்சி ஒன்றுண்டு. இளமை முழுவதையும் ஒரே குடும்பத்திற்கு உழைத்துக் கொடுத்த கறுப்பின மூதாட்டியர், கை ஓய்ந்ததும் வெளியேற்றப்பட்டுத் தெருவில் இரந்து திரிந்தனர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, போக்கிடமும் இல்லை. இவர்களைக் காக்கவே 1936இல் வீட்டுப் பணியாளர் சங்கத்தை லௌதெலினா நிறுவினார். பிரேசில் நாட்டில் இவ்வகையில் அதுவே முதற்சங்கம். வர்காஸ் என்பாரின் சர்வாதிகார ஆட்சி அதனை மூடிற்று.

அதே ஆட்சிதான் 1943இல் தொழிலாளர் சட்டங்களை ஒன்று திரட்டி வெளியிட்டது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்துவந்த காலம் அது. ஆலைத் தொழிலாளர்க்குப் பல நன்மைகளைத் தந்த அச்சட்டம், தன் ஏழாம் பிரிவில் வீட்டுப் பணியாளரையும் வயல் உழைப்பாளரையும் விலக்கி வைத்தது. வீட்டு வேலையால் எவர்க்கும் இலாபம் விளைவதில்லை என்பது சொல்லப்பட்ட நியாயம். சமைத்துப் போட ஆளில்லாவிடில் எசமானர் எவ்வாறு அலுவலகம் சென்று பொருளீட்டுவார் என்று எவரும் கேட்டிலர். விலக்கப்பட்டோருள் பெரும்பாலோர் அடிமைகளின் வழிவந்தவர் என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

1950களில் அம்மையார் கம்பினாஸ் நகருக்குச் சென்றார். அங்கே விடுதி நடத்தினார். கால்பந்துத் திடல்களில் சிற்றுண்டி விற்றார். வெள்ளை நிறத்துப் பணிப்பெண்ணே தேவை என நாளேட்டில் வந்த விளம்பரங்களைக் கண்டு, நேரே சென்று போராடினார். 1957இல் நகராட்சி நாடக அரங்கில் கறுப்பினக் கன்னியர்க்கென நடன விழா நடத்தினார். வெள்ளையர் மன்றங்கள் இத்தகைய விழாக்களில் அவர்களைச் சேர்த்ததில்லை. இது வீண் ஆடம்பரம் என நம்முள் சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. பின்வாசல் வழியே மட்டும் நுழைந்த பெண்கள் அன்று முன்வாசல் வழியே சென்றனர்.

1961 மே 18 அன்று கம்பினாஸ் சங்கம் பிறந்தது. சம்பளம் தராத வீட்டாரோடு அது பணிப்பெண்களுக்காக வாதாடியது. 1972இல் வந்த சட்டம் பணிப் பதிவுப் புத்தகம், சமூகக் காப்பீடு, ஆண்டுக்கு இருபது நாள் விடுமுறை ஆகியவற்றை வழங்கிற்று. குறைந்தபட்ச ஊதியமோ வார ஓய்வோ அதில் இல்லை. அவை 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பால்தான் வந்தன. 120 நாள் பேறுகால விடுப்பும், தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் உடன் வந்தன. அரசியல் நிர்ணய சபையின் படிகளைப் பணிப்பெண்களே ஏறி இறங்கிப் பெற்ற உரிமைகள் இவை. அவ்வாண்டிலேயே கம்பினாஸ் சங்கம் சட்டப்படியான தொழிற்சங்கமாயிற்று. அப்போது அம்மையாருக்கு வயது எண்பத்து நான்கு.

1991 மே மாதம் அவர் மறைந்தார். தாம் வாழ்ந்த வீட்டைச் சங்கத்திற்கே எழுதிவைத்தார். பிறர் வீட்டிலேயே வாழ்நாளைக் கழித்த பெண்களுக்கு ஒரு வீடு கிடைத்தது.

வேலை நேரம் வாரத்திற்கு 44 மணி என்ற வரம்பு, 2013இல் அரசியலமைப்பைத் திருத்திய பின்னரே இவர்களுக்குக் கிட்டியது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விரிவாக்கிற்று. ஆயினும் ஒரே வீட்டில் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேலை செய்வோரையே அது வீட்டுப் பணியாளர் எனக் கொள்கிறது. இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என நாட்கூலிக்குச் செல்லும் பெண்கள் அச்சட்டத்துக்கு வெளியேதான் உள்ளனர்.