ஒரு குப்பியும் ஓர் அறிவியலாளரும்

நுழையும்முன்

நோய் தரும் நுண்ணுயிரியைக் கொண்டே நோய்க்கு அரண் அமைப்பது தடுப்பூசி. அதனை உருவாக்கும் ஆய்வகத்திற்கு இரண்டு கடமைகள் உண்டு. உள்ளே வளர்க்கப்படும் கிருமி வெளியேறிவிடக் கூடாது. வெளியே திரியும் கிருமி உள்ளே நுழைந்துவிடவும் கூடாது. இவ்விரண்டாம் கடமையில் ஒருமுறை நேர்ந்த பிழை பத்தொன்பது உயிர்களைப் பறித்தது. அப்பழியைச் சுமந்து பெரும் அறிவியலாளர் ஒருவர் ஐந்தாண்டுகள் அலைந்தார். இந்திய மண்ணில் காலராவுக்கும் பிளேக்குக்கும் எதிராகப் போராடிய வால்டெமர் ஹாஃப்கினின் வாழ்க்கை இது.

ஒடெசாவிலிருந்து பாரிசுக்கு

கருங்கடற்கரையில் அமைந்த துறைமுக நகரம் ஒடெசா. இன்று உக்ரைன் நாட்டில் உள்ள இந்நகரம் அன்று உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1860ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் அங்கு ஒரு யூதக் குடும்பத்தில் ஹாஃப்கின் பிறந்தார். ஒடெசாவின் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றபோது அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் இலியா மெச்னிகோவ். குருதியின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிப்பதைக் கண்டறிந்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

யூதர்களின் மீது வன்முறை ஏவப்பட்ட காலம் அது. தம் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞர் அணியில் ஹாஃப்கினும் சேர்ந்தார், காயமுற்றார், சிறைப்பட்டார். மெச்னிகோவ் முயன்று அவரை மீட்டார். மதம் மாறினால் பல்கலைக்கழகப் பதவி கிட்டும் என்ற நிலை வந்தபோது, அவர் பதவியை விடுத்தாரேயன்றிப் பிறந்த மதத்தை விடவில்லை. 1888இல் நாட்டைவிட்டு வெளியேறி ஜெனீவாவில் சிறிது காலம் பணியாற்றினார். மறு ஆண்டு பாரிசில் இருந்த பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்த முதற்பணி நூலகப் பணியே. நூல்களை அடுக்கிய நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் காலரா. விலங்குகளின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்திக் கிருமியின் வீரியத்தைக் கூட்டியும், வெப்பத்தாலும் காற்றோட்டத்தாலும் குறைத்தும், இருவகை ஊசி மருந்துகளை அவர் உருவாக்கினார். 1892 ஜூலை 18ஆம் நாள் அதனைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டது, தணிந்தது. தாமே முதற்சோதனைப் பொருளாவது என்னும் இவ்வழக்கத்தைப் பின்னரும் அவர் கைவிடவில்லை. இன்றைய ஆய்வு நெறிகள் இதனை ஏற்பதில்லை எனினும், பிறர் உடலைத் தொடுமுன் தம் உடலைக் கொடுத்த அந்நேர்மை எண்ணத்தக்கது.

கல்கத்தாவின் குடிசைகளில்

காலராவின் தாயகமாகக் கருதப்பட்டது கங்கைச் சமவெளி. எனவே 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஹாஃப்கின் கல்கத்தா வந்திறங்கினார். அயல்நாட்டவர், மருத்துவப் பட்டம் பெறாதவர், உருசியக் குடிமகன் ஆகிய மூன்று காரணங்களாலும் ஆங்கில மருத்துவ அலுவலர்கள் அவரை ஐயக்கண்கொண்டு நோக்கினர். மக்களோ ஊசியைக் கண்டு அஞ்சினர். குடிசைப் பகுதி ஒன்றில் கூட்டத்திலிருந்து கல் வீசப்பட்டபோது, உடன் வந்த மருத்துவர் ஒருவரைக் கொண்டு ஹாஃப்கின் தமக்கே முதலில் ஊசி போடச் செய்ததும் மக்களின் அச்சம் தணிந்தது என்பர்.

1894 மார்ச்சில் கல்கத்தாவின் காட்டால் பாகான் என்னும் குடிசைப் பகுதியில் காலரா தோன்றியது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். அதன் பின்னர் அப்பகுதியில் பத்துப் பேரைக் காலரா தாக்கியது, எழுவர் இறந்தனர். அப்பதின்மரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே. ஒரே குடிசை, ஒரே நீர், ஒரே உணவு என்றிருந்தோரில் ஒரு சாரார் நோயுற மறு சாரார் தப்பியதை எண்களாக எழுதிக் காட்டியதே ஹாஃப்கினின் வலிமை. 1895க்குள் ஏறத்தாழ 42,000 பேருக்கு ஊசி போட்டுவிட்டு, மலேரியாவால் நலிந்து அவர் ஐரோப்பா திரும்பினார். நலம் பெற்றதும் மீண்டும் வந்தார்.

பம்பாயில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகப் பகுதியில் பிளேக் பரவியது. எலி விழுந்து சாக, அடுத்து மனிதர் சாக, நகரமே காலியாகத் தொடங்கிற்று. அரசின் அழைப்பை ஏற்று அக்டோபரில் பம்பாய் சென்ற ஹாஃப்கினுக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறையும் தாழ்வாரமும் ஒதுக்கப்பட்டன. உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று ஏவலரும் இருந்தனர். பிளேக் கிருமியை இன்று கையாளும் ஆய்வகங்களில் காற்று வெளியேறும் வழியிலும் வடிகட்டி உண்டு. நுழைவோருக்குத் தனி உடை உண்டு. அத்தாழ்வாரத்தில் இருந்தவை அடுப்பும் குடுவைகளும் எச்சரிக்கையான கைகளும் மட்டுமே.

அவர் கண்ட வழி எளியது, ஆயினும் நுட்பமானது. ஆட்டிறைச்சியிலிருந்து எடுத்த சாற்றைக் குடுவைகளில் நிரப்பினார். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் மக்களின் மனத்தைப் புண்படுத்தும் என்று அறிந்தே ஆட்டிறைச்சியைத் தேர்ந்தார். சாற்றின்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் கீழ்நோக்கி விழுதுகள் போல் வளர்ந்தன. பிற கிருமி கலந்திருந்தால் இத்தகைய விழுதுகள் தோன்றா. ஆகவே, விழுது வளர்ச்சியே குடுவையின் தூய்மைக்குச் சான்றாகவும் அமைந்தது. வளர்ந்த கிருமிகளை 65 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு மணிநேரம் வைத்துக் கொன்று, சிறிதளவு கார்பாலிக் அமிலம் சேர்த்துக் குப்பிகளில் அடைத்தார்.

1897 ஜனவரி 10ஆம் நாள் தம் உடலில் அதனைச் செலுத்திக்கொண்டார். அதே மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகவே, கைதிகளுள் முன்வந்தோருக்கு ஊசி போடப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டோரிடையே நோயும் சாவும் பெரிதும் குறைந்திருந்தன. சிறையில் இருப்பவரின் சம்மதம் எவ்வளவு தூரம் முழுமையான சம்மதம் என்னும் வினாவை அந்நாளில் எவரும் எழுப்பவில்லை. அதே நேரத்தில், வீடு புகுந்து சோதனையிட்ட அரசின் கெடுபிடிகளால் புனே கொந்தளித்தது. 1897 ஜூனில் பிளேக் அலுவலர் ராண்டு சுடப்பட்டார். வற்புறுத்தலால் அன்றி நம்பிக்கையாலேயே தடுப்பூசி பரவ வேண்டும் என்பது ஹாஃப்கினின் நிலைப்பாடு.

மூன்றாம் ஆகாகான் தம் மாளிகை ஒன்றை ஆய்வகத்திற்கு அளித்து உதவினார். 1899 ஆகஸ்டில் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்குப் பிளேக் ஆய்வகம் இடம்பெயர்ந்தது. ஆளுநர் விருந்தளித்த கூடங்களில் குடுவைகள் வரிசை வரிசையாக நின்றன.

வியன்னாவில் ஓர் எச்சரிக்கை

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே நினைத்தல் தகும். 1897இல் பிளேக்கை ஆராயப் பம்பாய் வந்த ஆஸ்திரிய மருத்துவக் குழுவினர், கிருமி வளர்ப்புகளைத் தம்முடன் வியன்னாவுக்கு எடுத்துச் சென்றனர். 1898 அக்டோபரில் அந்த ஆய்வகத்தின் பணியாளர் பாரிஷ் என்பவரைப் பிளேக் பற்றியது. அவருக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் ஹெர்மன் முல்லரும் செவிலியர் ஒருவரும் அவரைத் தொடர்ந்து இறந்தனர். பிளேக் இல்லாத நகரில், ஆய்வகத்திலிருந்தே பிளேக் புறப்பட்டது.

கிருமியைக் கையாள்வோரையும் அவரைச் சூழ்ந்தோரையும் காப்பதை உயிரியல் பாதுகாப்பு என்கிறோம். அக்கிருமி தகாதவர் கைக்குப் போகாமலும் கணக்கில் வராமல் தொலையாமலும் காப்பது உயிரியல் காவல். நோயின் கொடுமைக்கேற்ப ஆய்வகங்களை நான்கு நிலைகளாக இன்று வகுத்துள்ளனர். மிகக் கடுமையான நான்காம் நிலை ஆய்வகம் நம் நாட்டில் புனேயின் தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தில் உள்ளது. இவ்விதிகள் எல்லாம் பாரிஷ் போன்றோரின் இறப்புகளுக்குப் பின்னரே எழுதப்பட்டன.

முல்கோவால்

1902இல் பஞ்சாபில் பிளேக் கொடுமையாகப் பரவியது. அம்மாகாண அரசு இலட்சக்கணக்கில் ஊசி மருந்தைக் கேட்டது. நெய் மிதக்கும் குடுவையில் கிருமி வளர வாரங்கள் பல தேவை. விரைந்து உற்பத்தி செய்யும் பொருட்டு, கடற்பாசிக் கூழின் மேற்பரப்பில் கிருமியை வளர்க்கும் புதிய முறையை ஹாஃப்கின் மேற்கொண்டார். அம்முறையில் கார்பாலிக் அமிலம் சேர்க்கப்படவில்லை; கொல்லும் வேலை முழுவதும் வெப்பத்திடம் விடப்பட்டது.

அக்டோபர் 30ஆம் நாள் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஐந்து குப்பிகள் பயன்பட்டன. அவற்றுள் ஒன்றின் எண் 53-என். ஒரு வாரம் கழிந்ததும் அக்குப்பியிலிருந்து ஊசி பெற்ற பத்தொன்பது பேருக்குத் தாடை இறுகிற்று. உடல் வில்லாய் வளைந்தது. அது இரணசன்னி எனப்படும் டெட்டனஸ். பத்தொன்பது பேரும் இறந்தனர். மற்ற நான்கு குப்பிகளிலிருந்து ஊசி பெற்ற எவருக்கும் தீங்கு நேரவில்லை.

குப்பிதோறும் எண் இடப்பட்டிருந்ததால்தான் இவ்வளவும் தெரிய வந்தது. திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் மகிழுந்தின் உதிரிப்பாகங்களிலும் மின்னணுப் பொருள்களிலும் தொகுதி எண் பொறிக்கப்படுவதை அவ்வட்டார மாணவர்கள் கண்டிருக்கலாம். பழுது நேர்ந்தால் அது எந்நாளில், எந்த வரிசையில், எவர் கையில் நிகழ்ந்தது என்று பின்னோக்கித் தேடுவதற்கான நூலிழை அந்த எண்.

அந்நூலிழையைப் பற்றிச் சென்ற அரசின் விசாரணை ஆணையம், குப்பி திறக்கப்படும் முன்னரே, பம்பாய் ஆய்வகத்திலேயே மாசுற்றது என்று முடிவு கூறியது. கார்பாலிக் அமிலத்தை விலக்கியது பெருங்குற்றமாகக் கொள்ளப்பட்டது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டு, 1904இல் இந்தியாவை விட்டு வெளியேறினார்.

ஆயின், சாட்சியங்களுக்குள் ஒரு சிறு செய்தி புதைந்து கிடந்தது. முல்கோவாலில் 53-என் குப்பியின் தக்கையைத் திறக்கும்போது, உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அவர் அதனை எடுத்து, நெருப்பில் காட்டாமல், நீர்த்த கார்பாலிக் கரைசலில் அலசிவிட்டு அதனாலேயே தக்கையை இழுத்தார். டெட்டனஸ் கிருமியின் உறைவிடம் மண்ணும் சாணமும். அதன் வித்துகள் தடித்த ஓடு உடையவை. நீர்த்த அமிலத்தில் ஒரு கணம் நனைவதால் அவை மடிவதில்லை. சுடரில் காட்டியிருந்தால் சில நொடிகளில் கருகியிருக்கும்.

மேலும் ஒன்று. குப்பியில் மருந்து அடைக்கப்பட்டது பல வாரங்களுக்கு முன். அப்போதே கிருமி புகுந்திருந்தால் அது பெருகி நஞ்சைச் சுரந்திருக்கும். திறந்தவுடன் தீநாற்றம் வீசியிருக்கும். ஊசி பெற்றோருக்கு நோய்க்குறி மிக விரைவாகத் தோன்றியிருக்கும். ஒரு வாரம் கழித்தே நோய் தோன்றியது, புதிதாகப் புகுந்த வித்துகள் உடலுக்குள் முளைத்துப் பெருக நேரம் எடுத்துக்கொண்டதையே காட்டுகிறது. தேதியையும் நாற்றத்தையும் கொண்டு நடத்தப்பட்ட இவ்வாதம், ஆணையத்தின் பக்கங்களைவிட வலுவுடையதாகவே தோன்றுகிறது.

இவ்வாதத்தை உலகறியச் செய்தவர் ரொனால்டு ராஸ். 1897இல் செகந்திராபாத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டவர் அவரே. 1907 ஜூலையில் அவரும் ஒன்பது அறிவியலாளர்களும் கையொப்பமிட்ட மடல், இலண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்கியது. இந்திய அரசு அவரை மீண்டும் பணிக்கு அழைத்தது.

மீண்டும் இந்தியா

பரேல் ஆய்வகத்தை அவருக்கு எவரும் திருப்பித் தரவில்லை. கல்கத்தாவில், தடுப்பூசி உற்பத்திக்கு இடமில்லாத ஓர் ஆய்வகத்தின் தலைமை அளிக்கப்பட்டது. அங்கு அமைதியாகப் பணியாற்றி, 55 வயது நிறைந்ததும் 1915இல் ஓய்வு பெற்றார். அவர் வகுத்த பிளேக் ஊசி மருந்தோ நிற்கவில்லை. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து 2.6 கோடி அளவுகள் அனுப்பப்பட்டன. நம் மாநிலத்திலும் கிண்டியில் கிங் நிறுவனம், குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எனத் தடுப்பூசிக்கூடங்கள் எழுந்தது இக்காலத்திலேயே.

1925இல் பரேல் ஆய்வகத்திற்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டப்பட்டது. பெயருக்கு உரியவர் அப்போது ஐரோப்பாவில் தனித்து வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தம் சேமிப்பு முழுவதையும் கிழக்கு ஐரோப்பாவின் யூதச் சமயப் பள்ளிகளுக்கு எழுதிவைத்துவிட்டு, 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் இலோசான் நகரில் மறைந்தார். இந்திய அரசு 1964இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. முல்கோவால் இன்று பாகிஸ்தானில் உள்ளது.