எமில் துர்க்கைம்

தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்ளுதல் அவ்வொருவனை மட்டுமே சார்ந்த செய்கை என்று உலகம் நெடுங்காலம் எண்ணிற்று. அவ்வெண்ணத்தை ஆராய்ச்சியால் அசைத்தவர் பிரெஞ்சு அறிஞராகிய எமில் துர்க்கைம் ஆவார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் எபினால் என்னும் ஊரில் யூத குருவொருவரின் மைந்தராகத் தோன்றினார். தந்தையின் பணியை மேற்கொள்ளாது கல்வியை நாடி, 1879-இல் பாரிஸ் மாநகரத்து உயர்கலாசாலையிற் சேர்ந்தார். 1887 முதல் போர்தோ சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்து, சமூகவியலைத் தனியொரு சாஸ்திரமாக நிலைநாட்ட உழைத்தார்.

1897-இல் 'தற்கொலை' என்னும் இவரது நூல் வெளிவந்தது. அதன்பொருட்டு ஏறக்குறைய 26,000 மரணக் குறிப்புகளை வகைப்படுத்தித் தந்தவர் இவருடைய மருகர் மார்செல் மோஸ். மக்களைப் பெற்று வாழும் இல்லறத்தாரினும் மணமிலாரிடத்துத் தற்கொலை மிகுதி என்றும், செல்வம் திடீரென அழியுங்காலத்தேயன்றித் திடீரெனப் பெருகுங்காலத்தும் அது மிகும் என்றும் இவர் கண்டார். மாந்தரைப் பிணைக்கும் கட்டுகள் தளருமிடத்து உயிர்ப்பற்றும் தளரும் என்பதே இவர் துணிபு.

இந்நூலிற் குறையில்லாமலில்லை. அரசாங்கக் கணக்குகளை இவர் மிகுதியும் நம்பினார். மனநோயின் பங்கையும் குறைத்தே மதித்தார். மனச்சோர்வு, மதுப்பழக்கம், முன்னர்ச் செய்த முயற்சி ஆகியனவும், தனிமை, கடன், குடும்பப் பிணக்கு முதலியனவும் ஒன்றோடொன்று பின்னியே இடர் விளைக்கின்றன என்பதை இக்கால ஆராய்ச்சி தெளிவாக்கியுள்ளது.

1902-இல் துர்க்கைம் பாரிஸ் சென்று சொர்போனிற் கற்பித்தார். 1914-இல் மூண்ட மகாயுத்தம் இவருடைய மாணாக்கர் பலரைக் கொள்ளைகொண்டது. ஒரே மைந்தன் ஆந்திரே 1915-இன் இறுதியிற் பால்கன் போர்முனையில் மாண்டான். மாந்தர்க்கு மாந்தரே துணையென்று கற்பித்த அவ்வாசிரியர், தம் துயரைப் பிறரோடு பகிராது வேலையில் மூழ்கினார். உடல் நலிந்து, 1917 நவம்பர் 15-இல், தமது 59-ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நம் விடுதியில் ஒருவர் உணவுக்கு வாராது, பேச்சொழிந்து, பாடத்திற் பற்றிழந்து தனித்திருப்பாராயின், நாம் அவரருகே செல்லல் வேண்டும். சாகும் எண்ணம் உண்டோவென்று நேரே வினவுதலும் தவறன்று. வினவுவதால் அவ்வெண்ணம் பிறக்குமென்பது வீணச்சம். பொறுமையோடு செவிசாய்த்து, ஆசிரியரிடமோ வைத்தியரிடமோ உடனழைத்துச் செல்வோமாக. நமக்கே அந்நிலை நேரின், மறையாது ஒருவரிடம் உரைப்போமாக.