சோழவரமும் கோவைக் கரிவர்தனும்

மலருக்கு எல்லாரும் நம் பேராசிரியர்களைப் பற்றி எழுதித் தருவார்கள் என்று தெரியும். நான் ஒரு கார்ப் பந்தயக்காரரைப் பற்றி எழுதுகிறேன். செயலாளர் பொறுத்துக்கொள்வாராக.

எஸ். கரிவர்தன் 1954-இல் பிறந்தவர். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. ஆலைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். மனுசனுக்கு நாட்டமெல்லாம் எஞ்சினில்தான்.

எங்க விடுதிக் காலத்தில், அதாவது 1980-களில், சோழவரம் என்றாலே ஒரு கிறுக்கு. சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை அது. போர் முடிந்த பின், 1950-களிலிருந்து அங்கே மோட்டார் பந்தயம் நடந்தது. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1932 மாடல் ஃபோர்டு போன்ற பழைய கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைத் திருத்தி ‘ஹாட் ராட்’ ஆக்கினார்கள் பையன்கள். ஓட்டிப் பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின. 1950-இல் கலிபோர்னியாவில் சாண்டா ஆனா விமான ஓடுபாதையில் அவர்களை நேர்கோட்டில் கால் மைல், நம் கணக்கில் 402 மீட்டர், ஓட விட்டார்கள். அடுத்த வருசமே வாலி பார்க்ஸ் இந்த ‘டிராக்’ பந்தயத்துக்கென்று தேசிய அளவில் சங்கம் அமைத்தார்.

நமக்கு அப்படி ஓட இடம் ஏது? என் அறைத்தோழன் சைலன்சரைக் கழற்றிய பைக்கில் கன்னியாகுமரி ரோட்டில் பந்தயம் விட்டான். சுசீந்திரம் பாலத்துப் பக்கம் விழுந்து ஒரு காலை இழந்தான். சோழவரம் போவோம்லே என்று சொல்லிக்கொண்டே இருந்தவன். போயிருந்தாலும் வேடிக்கைதான் பார்த்திருப்பான். வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஃபார்முலா காரோடு மோத நம்ம வீட்டு வயலை விற்றாலும் காணாது.

கரிவர்தன் கை வைத்தது இந்த இடத்தில்தான். அவரே நல்ல ஓட்டுநர், பணமும் உண்டு. ஆனாலும் தனக்கு மட்டும் ஒரு கார் என்று நிற்கவில்லை. மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. எஞ்சின் கெட்டால் உதிரிபாகத்துக்குச் சீமைக்கு எழுத வேண்டாம். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பர்ஸ் கனத்தைவிடக் கைத்திறனுக்கே மதிப்பு. இதைவிடப் பெரிய காரியம் அவர் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வந்தது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் அங்கேதான் ஃபார்முலா மாருதியில் தொடங்கினார். 1995-இல் கரிவர்தன் விமான விபத்தில் இறந்துபோனார். வயது 41. கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

2005-இல் நரேன் மெல்போர்னில் ஃபார்முலா ஒன் ஓட்டினார். இந்தியாவிலிருந்து முதல் ஆள். அன்றைக்கு என் அறைத்தோழன் போன் செய்தான். தக்கலையில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ரேஸைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்தப் பையன் முதலில் ஓட்டினது நம்ம மாருதி எஞ்சின்லா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான்.