எல்லோர்க்கும் ஒரே கூலி

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தார் போற்றும் காற்பந்து நாம் அறிந்த காற்பந்து அன்று. திடலும் முட்டை வடிவம். பந்தும் முட்டை வடிவம். பக்கத்துக்குப் பதினெண்மர் ஆடுவர். பந்தை உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முட்டியால் குத்தி அனுப்பலாம், எறிவது மட்டும் கூடாது. இவ்வாட்டத்தில் ஒரே கழகத்திற்குத் தம் வாழ்நாளை ஈந்தவர் ஜாக் மக்ஹேல்.

1882-ஆம் ஆண்டு சிட்னியில் பிறந்த அவர், 1903-இல் மெல்போர்னின் காலிங்வுட் கழகத்தில் சேர்ந்தார். காலிங்வுட், தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஏழைப் பகுதி. வாரமெல்லாம் உழைத்தவர்களுக்குச் சனிக்கிழமை ஆட்டமே திருவிழா. மக்ஹேலும் உழைப்பாளியே, பீர் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். 1906 முதல் 1917 வரை இடைவிடாமல் 191 ஆட்டங்கள், மொத்தம் 261. 1912-இல் பயிற்சியாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஆடிக்கொண்டே பயிற்றினார், ஆட்டத்தை விட்ட பின்னும் பயிற்றினார். 1949 வரை அப்பொறுப்பு அவரை விட்டு அகலவில்லை.

அவர் கொள்கை எளியது. தனி ஒருவனைவிட அணியே பெரிது. புகழ்பெற்ற வீரனுக்கும் நேற்று வந்த இளைஞனுக்கும் ஒரே கூலி. பிறருக்கு உரைத்ததைத் தாமும் கைக்கொண்டார். வீரர் பெறும் தொகைக்கு மேல் பயிற்சியாளராகிய தாம் பெற மறுத்தார்.

இந்த ஒற்றுமையின் விளைவைக் களம் கண்டது. 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் காலிங்வுட் வாகை சூடியது. அவ்வணியை மக்கள் 'இயந்திரம்' என்றே அழைத்தனர். 1930-இன் இறுதிப் போட்டியன்று மக்ஹேல் நோயுற்று வீட்டில் கிடந்தார். பாதி ஆட்டத்தில் அணி பின்தங்கியது. பொருளாளர் பாப் ரஷ் வீரர்களுக்கு ஊக்கமூட்டினார்; அணி மீண்டெழுந்து வென்றது. ஆசான் அருகில் இல்லாதபோதும் பாடத்தை மறவாத மாணவர்கள் அவர்கள்!

ஆனால் அக்கொள்கைக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1938-இலும் 1939-இலும் ஆண்டுக்கு நூற்றிருபது கோல்களுக்குக் குறையாமல் அடித்த ரான் டாட், மிகுந்த பணம் தர முன்வந்த வில்லியம்ஸ்டவுன் கழகத்திற்கு 1940-இல் சென்றுவிட்டார். ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் மற்றவர் முகத்தில் எவ்வாறு விழிப்பது? தளர்த்தாவிடில் வெற்றி கைநழுவுமே! காலிங்வுட் விதியைத் தளர்த்தவில்லை. 1936-க்குப் பின் மக்ஹேலின் காலத்தில் அதற்கு வாகை வாய்க்கவும் இல்லை. போர்க்காலத் தொல்லைகளும் இதற்குக் காரணம் எனினும், சமநீதி இலவசமாகக் கிடைப்பதன்று என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

பயிற்சியாளராக அவர் கண்ட ஆட்டங்கள் 714, வாகைகள் எட்டு. அந்த 714-ஐ 2015-இல்தான் மிக் மால்ட்ஹவுஸ் கடந்தார். வாகை சூடும் அணியின் பயிற்சியாளருக்கு 2001 முதல் மக்ஹேல் பெயரால் பதக்கம் வழங்கப்படுகிறது.

1953 செப்டம்பரில், பதினேழு ஆண்டுகளுக்குப் பின், காலிங்வுட் மீண்டும் வென்றது. பயிற்றியவர் அவரிடம் ஆடிப் பழகிய ஃபான்ஸ் கைன். மறுநாள் மக்ஹேலுக்கு மாரடைப்பு. அக்டோபர் 4-ஆம் நாள் உயிர் நீத்தார். தம் கழகம் வென்றதைக் கண்ட பின்னரே கண்மூடினார்.

மன்றமும் விடுதியும் அமைத்து வாழும் நமக்கும் ஒருநாள் இக்கேள்வி வரும்: திறமை மிக்க ஒருவரை இழப்பதா, எல்லோர்க்கும் பொதுவான விதியை இழப்பதா? மக்ஹேல் தம் விடையை வாழ்ந்து காட்டினார். நம் விடையை நாம்தான் தேட வேண்டும்.